ஸ்போர்ட்ஸ் பைக்கும் சேலை கார்டும்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால், இந்தப் பகுதியின் மொத்த இருசக்கர வாகன வரலாறும் பத்தே நிமிடத்தில் கண்முன் ஓடிவிடும். டிபன் கேரியர் தொங்கும் பழைய சைக்கிள், பால் கேன் கட்டிய எக்ஸ்.எல்., மூன்று கை மாறி வந்த ஸ்பிளெண்டர், மனைவியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவரின் ஆக்டிவா... இவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு சத்தம். எல்லாத் தலைகளும் திரும்பும். முன்பக்கம் முழுக்க மூடிய ஃபேரிங், குனிந்து பிடிக்க வேண்டிய ஹேண்டில், வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும் பின் சீட். ஓட்டி வருவது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்.

டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் அவனிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான். பெரியவர்கள் "தம்பி, எவ்ளோ தருது?" என்று மைலேஜ் கேட்பார்கள். அடுத்தது "என்னா ரேட்டு?". பதிலைக் கேட்டதும் 'உச்' கொட்டிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவார்கள். சின்னப் பையன்கள் கேட்பது ஒன்றே ஒன்று. "அண்ணா, எவ்ளோ ஸ்பீடு போவும்?"

யாருமே கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. "பின்னாடி யாரு ஒக்காருவா?"

கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் நடுத்தர ரக ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கி தினமும் ஓட்டுவது சரியா, தப்பா என்ற வாதத்துக்கு பதில் அந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஆசை எங்கிருந்து வந்தது?

இந்த ஆசை நேற்று முளைத்ததில்லை. 1983-ல் ராஜ்தூத் 350 வந்தபோதே இந்திய இளைஞர்களுக்கு வேகத்தின் ருசி தெரிந்துவிட்டது. பெட்ரோலை மொடக் மொடக்கென்று குடிக்கிறது என்று பெயர் வாங்கி, விற்பனையில் தோற்றுப்போன வண்டி அது. 1985-ல் வந்து 1996 வரை ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100, அப்பாக்களின் தலைமுறைக்கு அதே ருசியைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தது. 2001-ல் பல்சர், 2003-ல் கரிஸ்மா என்று வரிசை நீண்டது. 2007 தீபாவளிக்கு வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' வந்தபோது, ஒரு பல்சரை நடுவில் வைத்தே முழுப்படத்தையும் நகர்த்த முடிந்தது. தமிழ்நாட்டில் ஒரு கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு பைக் என்றால் என்ன என்று அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

அதற்கு அடுத்த வருடம், 2008-ல், யமஹா ஆர்15 வந்தது. ரேஸ் வண்டியின் உருவத்தில் 150 சிசி வண்டி! 2009-ல் கவாஸாகி நிஞ்சா 250ஆர், 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2014-ல் கேடிஎம் ஆர்சி 390 என்று சிசி ஏறிக்கொண்டே போனது. 2017 டிசம்பரில் டி.வி.எஸ். தன் பங்குக்கு அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ இறக்கியது. அன்றைய ஷோரூம் விலை 2.05 லட்சம்.

'நடுத்தரம்' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. மேலை நாடுகளில் 600 சிசியைக்கூட நடுத்தரம் என்பார்கள். இந்தியாவில் அரசாங்கமே ஒரு கோடு போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். அதாவது கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது மக்கள் வண்டி, அந்தப் பக்கம் இருப்பது ஆடம்பரம் என்பது கணக்கு. ஆர்ஆர் 310 போன்றவை கோட்டுக்கு இந்தப் பக்கம் மயிரிழையில் நிற்கின்றன. ஆக, விலை இன்னும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இந்த விஷயத்தைப் பேச இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஒரே ஊர், இரண்டு பிள்ளைகள்

ஆர்ஆர் 310-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இது ஓசூரில் தயாராகும் வண்டி. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவோடு டி.வி.எஸ். 2013-ல் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்த 312 சிசி இன்ஜின்; 2017-ல் வந்தபோது 34 குதிரைத்திறன், சுமார் 170 கிலோ எடை. வழக்கமான இன்ஜினைத் திருப்பிப்போட்ட மாதிரி இதில் காற்று முன்பக்கம் நுழைந்து புகை பின்பக்கம் வெளியேறும்.

இதே டி.வி.எஸ்.ஸின் ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான் 1980-ல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டும் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் இந்தியாவுக்கு அதுதான் முதல். அதன் வாரிசான எக்ஸ்.எல். 100-க்கு நாலு குதிரைத்திறன் சொச்சம்தான். ஆனால் மந்தாரக்குப்பத்தில் எக்ஸ்.எல். செய்யாத வேலை உண்டா? கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம், தண்ணீர் கேன், பூக்கூடை, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகள் எல்லாமே அதில்தான்.

ஒரு குடும்பத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், ஒன்று வீட்டுக்காக உழைக்கிறது; இன்னொன்று தனக்காக வாழ்கிறது. இளையவனைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மூட்டை சுமக்கத்தான் பிறந்தார்களா என்ன! ஆனால் வீட்டில் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறது என்றால், அது எந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

நியாயமாகப் பேசினால்...

ஸ்போர்ட்ஸ் பைக் என்றாலே "சாவு வண்டி" என்று சொல்லிவிடும் பெரியவர்கள் பலர். அது முழு உண்மை இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காப்பது அது. ஆர்ஆர் 310-ல் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரண்டுக்கும் ஏபிஎஸ். ரேடியல் டயர்கள், இரவில் சாலையைத் தெளிவாகக் காட்டும் விளக்கு. திடீரென்று நாய் குறுக்கே ஓடினால், தேய்ந்த டயரும் டிரம் பிரேக்கும் உள்ள பழைய 100 சிசி வண்டியைவிட இது சீக்கிரம் நிற்கும். மெஷினைப் பொறுத்தவரை இது பாதுகாப்பில் ஒரு படி மேல்தான்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையைக் கழற்றி ஓட்டுகிறவனைவிட, தினமும் ஓட்டுகிறவனுக்கு வண்டி நன்றாகப் பழகியிருக்கும். எந்த வேகத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்கும், ஈரத்தில் பின் சக்கரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். முதல் மாதத்தில் இருக்கும் 'ஊரே பார்க்கிறது' என்ற போதை ஆறாவது மாதத்தில் தானாகத் தெளிந்துவிடும். காய்கறிக் கடைக்கும் அதே வண்டியில் போய் வருகிறவன் எத்தனை நாளைக்குத்தான் ஹீரோவாகவே இருக்க முடியும்?

அந்த சந்தோஷத்தையும் குறைத்துப் பேசக்கூடாது. சுரங்க மண்மேடும் சாம்பல் தூசியும் சூழ்ந்த ஊரில், நிரந்தர வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஒப்பந்தத் தொழிலாளியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இளைஞனுக்கு, 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அதை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது.

சாலை என்ன சொல்கிறது?

சரி, வண்டி நல்ல வண்டி. சாலை?

மந்தாரக்குப்பம் கடலூர் - விருத்தாசலம் சாலையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்திலேயே நெய்வேலியின் இரண்டாம் சுரங்கம், இரண்டாம் அனல்மின் நிலையம். அனல்மின் நிலையம் என்றால் சாம்பல்; சாம்பல் என்றால் லாரி. தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்குக் கண்ணில் என்ன விழும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் படிந்த மெல்லிய தூசியின் மேல் முதல் மழை விழுந்தால், வழுக்குவதற்கு எண்ணெயே வேண்டாம்.

டவுன்ஷிப்புக்குள் கதை வேறு. வட்டம் வட்டமாகப் பிரித்து, இருபுறமும் மரம் வைத்து, அகலமாகப் போட்ட சாலைகள். காலியாகக் கிடக்கும் அந்தச் சாலையைப் பார்த்ததும் வலது கை தானாக முறுக்கும். ஆனால் அது குடியிருப்பு. சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், நடைப்பயிற்சி போகும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் இருக்கிற இடம். வெளியே வந்தால் கடைத்தெரு, ஸ்பீடு பிரேக்கர், மாடு. இந்தப் பக்கம் வடலூரைத் தொட்டுப் போகும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையின் நான்குவழிப் பணியோ வருடக்கணக்கில் இழுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. 20 கிலோமீட்டர் போக வேண்டும். சராசரி 50-ல் போனால் 24 நிமிடம். அடித்துப் பிடித்து சராசரியை 60 ஆக்கினால் 20 நிமிடம். மிச்சம் நான்கு நிமிடம். ஒரு டீ குடிக்கக்கூடப் போதாது!

இப்போது அதன் விலையைப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியிலேயே வண்டி 17 மீட்டர் போயிருக்கும். அதன்பின் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க 23 மீட்டர். மொத்தம் சுமார் 40 மீட்டர். அதே வண்டி 100-ல் வந்தால் மொத்தம் 90 மீட்டரைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளி விட்டு வரும் பிள்ளை சாலையைக் கடக்க 90 மீட்டர் முன்னால் பார்த்துவிட்டா கடக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், 2020-ல் ஆர்ஆர் 310-ஐப் புதுப்பித்தபோது அதில் ஓட்டும் முறைகள் நான்கு வைத்தார்கள். மழை, நகரம் என்ற இரண்டு முறைகளிலும் இன்ஜினின் சக்தி சுமார் 26 குதிரைத்திறனாகக் குறைந்துவிடும். அதாவது ஊருக்குள்ளும் மழையிலும் முழு சக்தி வேண்டாம் என்று வண்டியைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் தினசரி ஓட்டுகிறவனுக்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஊர்தான், மிச்சம் மழைதான்!

உடம்பும் பணமும்

ரேஸ் டிராக்கில் குனிந்து ஓட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது. மணிக்கு நூற்றைம்பதில் எதிர்க்காற்று உடம்பைத் தாங்கிக்கொள்ளும். கடைத்தெருவில் மணிக்கு இருபதில் அந்தக் காற்று ஏது? மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கும். நடுத்தர ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் சிலவற்றின் ஹேண்டில் கொஞ்சம் உயரம்தான். இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் கை வலிக்கத்தான் செய்யும். ரேடியேட்டர் விசிறி ஓட ஆரம்பித்ததும் வெந்நீர்ப் பானையைத் தொடையில் வைத்த மாதிரி அனல் அடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஹெல்மெட்டும் போட்டு இதில் போவது ஒரு தவம்.

பணக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 2 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 36 மாதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 6,550 ரூபாய். தினமும் 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடி, லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். லிட்டருக்கு 60 தரும் சாதாரண வண்டியில் இதில் பாதிதான். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை வருடம் 714 ரூபாய், 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். சாலையை இறுக்கிப் பிடிக்கும் மென்மையான டயர் சீக்கிரம் தேயும். மாற்றப் போனால் செலவு ஆயிரக்கணக்கில்தான். கீழே விழுந்து ஃபேரிங் உடைந்தால் தெரியும் சேதி. ஸ்பிளெண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் தெரு மெக்கானிக், இதைப் பார்த்ததும் "ஷோரூம்லயே காட்டிக்க தம்பி" என்று சொல்லிவிடுவார். அந்த ஷோரூம் எந்த ஊரில் இருக்கிறதோ!

மாதம் பத்தாயிரம் ரூபாய் வண்டிக்கு மட்டும் போகிறது. இதில் பெரிய கொடுமை, இவ்வளவு செலவழித்தவர்களில் பலர் ஹெல்மெட்டுக்கு வரும்போது கையைச் சுருக்கிக்கொள்வார்கள். யானை வாங்கக் காசு இருக்கிறது, அங்குசம் வாங்கக் காசில்லை என்ற கதைதான். நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடிய ஷூ மூன்றையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டிப் பார்த்துக் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வண்டி கட்டுப்படியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

சேலை கார்டு

இப்போது நான்காவது கேள்விக்கு வரலாம்.

புது ஸ்போர்ட்ஸ் பைக் வந்ததும் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது எது தெரியுமா? பின் சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சேலை கார்டு. "லுக்கு கெடுது" என்பது காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பைத்தான் மெக்கானிக் கடைகளில் சேலை கார்டு என்கிறார்கள். சேலை நுனியோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்பேனரை வைத்து அதைக் கழற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. 'இந்த வண்டியில் அம்மா ஏறப்போவதில்லை' என்ற முடிவு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மாவிடம் கேட்பதுமில்லை.

மந்தாரக்குப்பத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுக்கு ஒரு வண்டிதான் என்ற நிலைமை இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பழைய வண்டியை மாற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் வந்தால் என்ன நடக்கும்? அம்மா மாசப் பூசத்துக்கு வடலூர் போக பஸ்ஸுக்கு நிற்பார். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோ கூப்பிட வேண்டும். தங்கை டியூஷன் முடிந்து இருட்டில் வரும்போது, அண்ணன் வீட்டில் வண்டியோடு இருந்தும் பிரயோஜனமில்லை. அந்த உயர்ந்த சீட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் உட்கார அவளுக்கே பயம். பண்ருட்டிப் பக்கம் போய் ஒரு பலாப்பழம் வாங்கினால் அதை எங்கே வைப்பது? நான்கு பேர் தவணை கட்டுகிற வீட்டில் ஒருவர் மட்டும் ஏறும் வண்டி. பணம் மொத்த வீட்டினுடையது, பயணம் ஒருவனுடையது.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டவே இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

அந்தப் பதினாலாயிரம் பேரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை, வளைவில் முந்தவில்லை. எந்த வண்டி வாங்கலாம் என்று அவர்களில் எத்தனை பேரைக் கேட்டிருப்பார்கள்? ஓட்டியவரை நம்பி ஏறினார்கள், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் இருப்பவரை வெறும் தலையோடு அழைத்துப் போவது நம் ஊரில் சாதாரணக் காட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இருவருக்கும்தான் ஹெல்மெட் கேட்கிறது.

எட்டு போட்டால் எதையும் ஓட்டலாம்

இதில் பையன்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சட்டத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பதினெட்டு வயதில், இரவல் வாங்கிய 100 சிசி வண்டியில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' உரிமம் கிடைத்துவிடும். அதே உரிமத்தில் மறுநாள் 300 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். நீச்சல் தொட்டியில் மிதந்து காட்டியவனைக் கடலில் இறக்கிவிடுகிற மாதிரி.

ஐரோப்பிய நாடுகளில் படிப்படியாகத்தான் விடுகிறார்கள். முதலில் 125 சிசி வரை ஒரு உரிமம். 18 வயதில் 35 கிலோவாட் சக்தி வரை அடுத்த உரிமம், அதற்கென்றே தனித்தேர்வு. அதற்குப் பிறகுதான் பெரிய வண்டி. ஜப்பானில் 400 சிசியில் ஒரு எல்லை. அதைத் தாண்ட வேறு உரிமம் வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமான விதி ஒன்று ஜப்பானில் இருக்கிறது. உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகும்வரை மோட்டார் சைக்கிளில் பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது! தன் உயிரோடு பழகிவிட்டுத்தான் அடுத்தவர் உயிரைத் தொட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இங்கே இந்த இரண்டு விதிகளையும் கொண்டுவர ஆலையோ அணையோ கட்ட வேண்டியதில்லை. மனசு இருந்தால் போதும்.

அப்புறம், வேகம் வேண்டும் என்பவர்களுக்கு வேகத்துக்கென்றே இடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனி டிராக்கே இருக்கிறது. எதிரே லாரி வராது, மாடு வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அங்கே ஓட்டுகிறவர்கள் தலை முதல் கால் வரை தோல் உடை போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கடைத்தெருவில் பனியனும் செருப்புமாக சிலர் முறுக்குகிறார்கள் என்பதுதான் சோகம்.

முடிவாக...

"அப்படியென்றால் வாங்கவே கூடாதா?" என்று கேட்டால், இல்லை. வாங்கலாம். வீட்டுக்கு வேறு ஒரு வண்டி இருக்கிறது, தவணை வீட்டுச் சோற்றில் கை வைக்காது, ஹெல்மெட்டும் ஷூவும் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். தினமும் ஓட்டலாம். தினமும் ஓட்டுவதுதான் நல்லதும்கூட. ஆனால் வீட்டின் ஒரே வண்டியாக ஸ்போர்ட்ஸ் பைக் கூடாது. அது வண்டியின் குற்றமில்லை. அந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "வேண்டவே வேண்டாம்" என்று ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு, பையன் சாப்பிடாமல் இருந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எந்தப் பயனையும் தராது. அப்படி வாங்கிக் கொடுத்த வண்டியில் எந்த நிபந்தனையும் இருக்காது. சண்டையை விட்டுவிட்டு உட்கார்ந்து கணக்குப் போடலாம், நிபந்தனை பேசலாம்.

நிபந்தனைகளில் முதலாவதாக இதை வைத்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால், பையன் தன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மா சேலையோடு அந்தப் பின் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். ஏற முடிகிறதா, கால் எங்கே வைப்பது, கை எதைப் பிடிப்பது, முந்தானை எங்கே தொங்குகிறது என்று பையன் நின்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்த்த பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால் வாங்கட்டும். அவன் அந்த வண்டியை ஒழுங்காகத்தான் ஓட்டுவான். சேலை கார்டையும் கழற்ற மாட்டான்.